மடி இருக்கும் ஊரின் நேரம்

காலண்டர் தாளில் ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்று போட்டிருந்த நல்ல நேரம் முடிந்துபோனது. பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூடியிருந்த சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வயது லோஜினி மட்டும் கவலையில்லாமல், பட்டுப் பாவாடையில் உட்கார்ந்து வாழைப்பழத்தைத் தன் மொட்டைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் இன்று காதுகுத்து. ஊசி தயார், தோடு தயார், ஆசாரி தயார். மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் மால்டாவில் ஒரு கப்பலில் இருந்தான். அந்தக் கப்பலோ காற்றுக்குப் பயந்து கரையில் கட்டிக் கிடந்தது.

குழந்தையின் தாய் நாகலெட்சுமி, தம்பி அனுப்பிய குரல் செய்தியை மறுபடியும் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா, இங்க சரியான காத்து. கப்பல விடமாட்டேங்கிறாங்க. காருங்க மேட்டு வரைக்கும் வரிசையில நிக்குது. கரையில நிக்கும்போது போனத் தொட்டா எங்க கப்பல் பெரியவன் கத்துவான். கப்பல் நகந்ததும் எடுக்கிறேன். வேற யாரையும் உக்கார வச்சிராதீங்க."

விஜிதரன் அவளுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு இருவரும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறையில், ஒரே கம்பளிக்குள் வளர்ந்தவர்கள். லோஜினி அவள் வயிற்றில் இருந்தபோதுதான் அவன் வெளிநாடு போனான். மால்டாவுக்கும் பக்கத்துத் தீவுக்கும் நடுவே கார்களையும் லொறிகளையும் ஏற்றிக்கொண்டு போய்வரும் கப்பலில் அவனுக்கு வேலை. கயிறு கட்டுவான், வண்டிகளைக் கைகாட்டி உள்ளே விடுவான், வெளியே விடுவான். அரை மணிக்கும் குறைவான பயணம். நாள் முழுக்கப் போவதும் வருவதும்தான். "நம்ம ஹட்டன் பஸ் மாதிரிதான் அக்கா, வளைவுதான் இல்ல" என்று முதல் நாளே சொல்லியிருந்தான். இரண்டு கரையிலும் அவனுக்கு மூச்சு விட நேரமில்லை. நடுக்கடல்தான் அவனுடைய ஓய்வு நேரம்.

குழந்தையை அவன் இதுவரை தொட்டதில்லை. இன்று வேறொருவன் மடி கொடுத்துவிட்டால், நாளைக்கு அவள் பெரியவளாகும்போதும், மணவறையில் உட்காரும்போதும் சபை அந்த வேறொருவனைத்தான் தேடும். தம்பி ஊருக்கு வந்தால் கூட்டத்தில் ஒருவனாக நிற்பான். நாகலெட்சுமிக்கு அதை நினைக்கவே முடியவில்லை.

அவளுடைய கணவனின் அண்ணன் முத்துலிங்கம் தொண்டையைச் செருமினார். கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் காலைப் பெரட்டில் பேர் வாசித்து ஆள் கூப்பிட்ட குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"கப்பலுக்காக எவ்வளவு நேரம் காயிறது? கிஷாந்தும் மாமன் மொறைதானே? வேட்டி கட்டிக்கிட்டு சும்மாதான் நிக்கிறான். உக்காரச் சொல்லு."

கிஷாந்த் நாகலெட்சுமியின் சித்தி மகன். அவன் ஒரு எட்டு பின்னால் போனான்.

"ஐயோ, என்னைய இழுக்காதீங்க. விஜி வந்தான்னா என்னைய ஆத்துல தள்ளிருவான்."

"அவன் வரட்டும் மொதல்ல."

"அத்தான், நல்ல நேரம் இன்னும் போகல" என்றாள் நாகலெட்சுமி.

"பத்தரை ஆச்சும்மா. மணி பாக்கத் தெரியாதா?"

"இங்கதான் பத்தரை. அங்க இப்பதான் காலையில ஏழு."

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. நாகலெட்சுமி சிரிக்கவில்லை. நேராகப் பூசாரி பொன்னையாவிடம் போனாள். அவர் கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. மாமன் மடியிலதானே குத்தணும்? மடி அங்கதானே இருக்கு?"

பொன்னையா தட்டைக் கீழே வைத்தார். "குத்துறது காதுல. காது இங்க இருக்கே."

"காதுக்கு எல்லா நேரமும் ஒண்ணுதான் சாமி, எப்பக் குத்துனாலும் வலிக்கும். நேரம் பாக்குறது ஒறவுக்கு."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு "அப்படிப் போடு!" கேட்டது. பூசாரி அவசரப்படவில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தார். மூடுபனிக்குள் சூரியன் எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்த ஊர்ல சூரியன் உதிச்சிருச்சா?"

அவள் போனை நீட்டினாள். தம்பி காலையில் அனுப்பிய படம். மஞ்சள் ஜாக்கெட், கலைந்த முடி, பின்னால் தேன் நிறக் கல் வீடுகள், மேட்டில் ஒரு தேவாலயம், எல்லாவற்றின் மேலும் பளீரென்ற வெயில்.

"உதிச்சிருச்சு" என்றார் பொன்னையா, தீர்ப்புச் சொல்வதுபோல. "ராகு காலமே சூரியன் உதிக்கிறத வச்சுத்தான் கணக்கு. மடி எந்த ஊர்லயோ அந்த ஊர் சூரியன்தான். ஒம்பது மணி அங்க எப்ப வருது?"

"இங்க பன்னெண்டரைக்கு."

"அப்ப பன்னெண்டரைக்கு மேல குத்தலாம்."

முத்துலிங்கம் கைகளை விரித்தார். "இனிமே மால்டாவுக்கும் ஒரு பஞ்சாங்கம் அடிங்க சாமி!" ஆனாலும் உட்கார்ந்துவிட்டார். காது குத்தாமல் சாப்பாட்டுச் சட்டியைத் திறக்கக் கூடாது என்பதுதான் அவருடைய உண்மையான துக்கம் என்று நாகலெட்சுமிக்குத் தெரியும். வடையும் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்று அவளே முடிவு செய்து, முதல் தட்டை அவரிடம் நீட்டினாள். ஆசாரிக்கு இரண்டு வடை கூடப் போனது. பஸ் போய்விடும் என்று முனகிக்கொண்டிருந்தவர் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பனி விலகி, கீழே கொழுந்து மலைகள் தெரியத் தொடங்கின. பன்னிரண்டரை ஆயிற்று. போன் அடிக்கவில்லை. சட்டியிலிருந்து கோழிக்கறி வாசம் வந்து எல்லார் பொறுமையையும் சோதித்தது. இரண்டு மணி தாண்டினால் அந்த ஊர் நேரமும் போய்விடும். அதற்கு மேல் அவளிடம் இன்னொரு ஊர் இல்லை.

கறிக்குத் துணையாக இடித்துவைத்த தேங்காய்ச் சம்பலைப் பூனை முகர, ஒருத்தி அதை விரட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா! விட்டுட்டாங்க! நகந்துருச்சு!"

திரையில் கடல் ஆடியது. முழுத்திரையும் நீலம். அடுத்து விஜிதரனின் முகம், காற்றில் கண் சுருங்கி, பல் தெரிய.

"சீக்கிரம் அக்கா, அங்கிட்டுக் கரை வந்தா நான் ஓடணும்."

"கிஷாந்து, உக்காரு!"

"நானா?"

நாகலெட்சுமி தம்பியின் வேட்டியை உதறி, கிஷாந்தின் முழங்காலின் மேல் விரித்தாள். பெட்டியில் வைத்துக் காத்த பழைய வேட்டி அது. "மடி விஜியோடது. நீ பேசாம இரு."

"வெளங்கிச்சு. நான் மாமன் இல்ல, நாற்காலி" என்றான் கிஷாந்த். விஜிதரன் கப்பலில் விழுந்து விழுந்து சிரித்தான்.

குழந்தையின் அப்பா போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "லோஜி, மாமாவப் பாரு! கடல் பாரு!" லோஜினி வேட்டியின் மேல் உட்கார்ந்து திரையைத் தட்டினாள். தட்டிய இடத்தில் மாமனின் மூக்கு இருந்தது. பொன்னையா மணியடித்தார். ஆசாரி ஊசியை இறக்கினார்.

முதல் காதுக்கு அவள் போட்ட சத்தம் கீழே ரோட்டில் போன பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். கடலில் விஜிதரனுக்கும் கண் கலங்கியது. "மெதுவா ஆசாரியாரே, மெதுவா" என்று கெஞ்சினான். இரண்டாவது காதை ஆசாரி பிடித்தபோது, கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் ஊதல், அடிவயிற்றிலிருந்து வருவதுபோல நீளமாக எழுந்தது. லோஜினி வாயைத் திறந்தபடி அழுகையை மறந்து திரையைப் பார்த்தாள். அவள் பார்த்து முடிப்பதற்குள் தோடு ஏறிவிட்டது.

"கரை வந்துருச்சு அக்கா!" போனைத் துண்டிக்கக்கூட நேரமில்லாமல் விஜிதரன் அதை மார்புப் பையில் செருகினான். கேமரா பைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. இரும்புச் சாய்தளம் இறங்க, காலையிலிருந்து காத்துக் கிடந்த கார்கள் ஒவ்வொன்றாக வெயிலுக்குள் உருண்டு போயின. கோயிலில் பெண்கள் அவற்றுக்குக் கைகாட்டினார்கள்.

முத்துலிங்கம் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். முதல் மரியாதைக்கான தாம்பூலத் தட்டைத் தாங்கி நின்ற நாகலெட்சுமியைப் பார்த்தார். பிறகு பெரட்டுக் குரலில், மலை அதிரக் கூப்பிட்டார்.

"தாய்மாமன் விஜிதரன்!"

புரியாத பாஷையில் யாரோ யாரையோ விரட்டும் சத்தத்துக்கும், லொறி ஒன்று பின்வாங்கும் சத்தத்துக்கும் நடுவே, பைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இருக்கேங்க!"