ஒற்றைக்கொம்பு

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து பத்து. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மேல்காற்று கரிசல் புழுதியை வாரிக் கால்நடை மருந்தகத்தின் கதவில் அறைந்துகொண்டிருந்தது. கதவு பத்தொன்பது நாளாகப் பூட்டியிருந்தது. பூட்டுக்குக் காரணம் நான்.

அரசுக் கட்டடங்களை வீடியோப் படம் பிடித்து இணையத்தில் வெளியிடுவது என் வேலை. அருப்புக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டு, யாரும் நின்று பார்க்காத ரேஷன் கடை, நீர்த்தேக்கத் தொட்டி, பத்திரப் பதிவு அலுவலகம் ஆகியவற்றின் தூண்களையும் சன்னல்களையும் பதிவு செய்வேன். கருவிகள் மொத்தமும் ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும்: தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேமரா, நடுக்கத்தைத் தாங்கும் ஒரு கைப்பிடி, விரல் நீளக் கால்கள் கொண்ட முக்காலி. அதற்கு முன் பதினோராண்டு ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். ஆகையால் படத்தின் அடியில் ஓடும் எழுத்துகளில் ஒற்றுப்பிழை இராது.

நரிக்குடிச் சாலையை ஒட்டிய இந்த மருந்தகத்தின் படத்திலும் ஒற்றுப்பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. சிகிச்சை அறை சிறியது. பின்வாங்கி நிற்க இடமில்லை. முழுச் சுவரையும் காட்ட வேண்டும் என்று கேமராவை அகலக் கோணத்துக்கு மாற்றினேன். அத்தகைய வில்லை ஓரங்களை வளைத்துவிடும். நேராக நின்ற வடக்குச் சுவர் படத்தில் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போலப் பிதுங்கித் தெரிந்தது. யாரோ ஒருவர் அந்தப் படத்தை மனுவோடு இணைத்து மேலே அனுப்பினார். உடனே பூட்டு, பிறகு, இடிக்கலாம் என்றொரு முன்மொழிவு. அதற்குப் பொறியாளர் இன்று சுவரைப் பார்த்து முடிவு எழுத வேண்டும். இரண்டு மணிக்குக் கோப்பு ஜீப்பில் விருதுநகருக்குப் போய்விடும். இடிப்பது என்றானால் மருந்தகம் நரிக்குடியோடு சேர்ந்துவிடும். ஆட்டுக்கு ஒரு ஊசி போட இவ்வூரார் பதினோரு கிலோமீட்டர் போக வேண்டும்.

பொறியாளர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்தேன். கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஏழு முறை படித்தேன். ‘இக்கட்டிடம் பழுதடைந்துள்ளது.’ கட்டப்பட்டது கட்டடம். கட்டுவதற்குரிய இடம் கட்டிடம். ஏழு முறையும் கை பேனாவைத் தேடியது.

மருந்தக உதவியாளர் மாரிக்கனி, புளியமரத்தடியில் மேசை போட்டு மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, செத்த நேரம் ஒரு எடத்துல நில்லுங்க. நீங்க நடக்குறதப் பாத்து ஆடுக மிரளுது.”

வரிசையில் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கொத்தனார் சங்கையா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போனுல சுவத்தச் சாச்சது இந்தத் தாயிதானா?”

“சுவர் சாயலைங்க. கேமரா அப்படிக் காட்டிருச்சு.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்? நாஞ் சொன்னா எவன் கேக்குறான்? கொத்தனாரு சொன்னா பொய்யி, போனு சொன்னா மெய்யி.”

“சும்மா இருங்க மாமா,” என்றார் மாரிக்கனி. “அவுகளே நொந்துபோய் வந்திருக்காக.”

பொறியாளர் சௌந்தரபாண்டியன் பதினொன்று ஐம்பதுக்கு வந்தார். நான் கைப்பையைத் திறந்தேன்.

“சார், அதே சுவரைச் சாதாரணக் கோணத்துல எடுத்துக் காட்டுறேன். ரெண்டே நிமிஷம்.”

“வேணாம்மா. ஒரு வீடியோவுக்கே பத்தொம்பது நாளாப் பதில் எழுதிக்கிட்டிருக்கேன். அத உள்ள வைங்க.” பிறகு சங்கையாவைப் பார்த்தார். “ஏய்யா, தூக்குக்குண்டு இருக்கா?”

“வண்டியிலயே கெடக்கு சார்.”

பூட்டைத் திறந்தார்கள். சங்கையா ஏணியில் ஏறிச் சுவரின் உச்சியில் தூக்குக்குண்டின் கட்டையை வைத்து, நூலில் குண்டை இறக்கினார். காற்றில் அது நிற்கவே இல்லை. சுவரைத் தொட்டது, விலகியது, மறுபடியும் தொட்டது. கதவைச் சாத்தினோம். சன்னல்களைச் சாத்தினோம். உள்ளே வெக்கை ஏறியது. சுண்ணாம்பும் பழைய மருந்தும் கலந்த வாடை. குண்டு இன்னும் ஆடியது. பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பன்னிரண்டு இருபது.

“ஏத்தா மாரிக்கனி, ஒரு வாளி தண்ணி கொண்டா.”

குண்டைத் தண்ணீருக்குள் முக்கினார் சங்கையா. ஆட்டம் தளர்ந்து, நூல் நேராக நின்றது. பொறியாளர் குனிந்து, மேலும் கீழும் இடைவெளியை அளந்தார். இரண்டாவது இடத்தில் அளந்தார். மூன்றாவது இடத்திலும்.

“ஒன்றரை நூலு,” என்றார்.

“ஒரு அங்குலத்துக்கு எட்டு நூலு தாயி,” என்று சங்கையா எனக்கு விளக்கினார். “பத்தடிச் சுவத்துல ஒன்றரை நூலுங்கிறது பூச்சு மேடு. எங்க மாமனாரு கட்டுன சுவரு இது. ஆளு கோணலு, சுவரு நேரு.”

பொறியாளர் முதன்முறையாகச் சிரித்தார்.

எதிரிலிருந்த ஊராட்சி அலுவலகத்தில் கணினியும் அச்சுப்பொறியும் இருந்தன. பொறியாளர் தாளில் எழுதத் தொடங்கி, கடைசி வரியில் நிறுத்தினார்.

“நீங்க தமிழ் படிச்சவுகதானே? ‘மேற்படி கட்டிடம் இடிக்கத் தக்கதல்ல என முடிவு செய்யப்படுகிறது.’ சரியா?”

சரி என்று சொல்லியிருக்கலாம்.

“அல்ல என்பது பன்மைக்கு வரும் சார். ஒருமைக்கு ‘அன்று’. தக்கதன்று.”

“அப்படியா?” என்று அடித்துவிட்டு, அப்படியே எழுதினார். தட்டச்சு செய்யும் காளீஸ்வரியிடம் தாள் போனது. மணி ஒன்று பத்து. சாலையில் ஜீப் வந்து நின்று, ஓட்டுநர் ஒருமுறை ஒலி எழுப்பினார். காளீஸ்வரி மூன்று படி எடுத்து மேசைமேல் வைத்தார். பொறியாளர் வாசிக்காமலே முதல் படியிலும் இரண்டாம் படியிலும் கையொப்பம் இட்டார்.

“ஒருமுறை படிச்சுக்கட்டுமா சார்?”

“நீங்க சொன்ன வரிதானே?”

மூன்றாம் படியை எடுத்துப் படித்தேன். ‘மேற்படி கட்டிடம் இடிக்கத் தக்கதென்று முடிவு செய்யப்படுகிறது.’

மறுபடியும் படித்தேன்.

“சார், கையெழுத்துப் போடாதீங்க. இடிக்கச் சொல்லுது இது.”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். காளீஸ்வரி எழுந்து வந்தார்.

“நான் தப்பாப் போடலையே? ‘தக்கதன்று என’ன்னு பிழையா எழுதியிருந்துச்சு. கொம்பு விட்டுப்போச்சுன்னு சேத்தேன். ‘என்று’ வந்தப்புறம் ‘என’ எதுக்குன்னு எடுத்துட்டேன்.”

அவர் செய்தது திருத்தம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும், ‘அன்று’ என்ற சொல்லை அறியாதிருந்தால், அதைத்தான் செய்திருப்பேன். முதலில் என் கேமரா சுவரை வளைத்தது; இப்போது என் இலக்கணம் அதை இடிக்கப் பார்த்தது.

“எந்தக் கொம்பு?” வாசற்படியில் ஆட்டோடு நின்ற சங்கையா எட்டிப் பார்த்தார்.

“எழுத்துக்கு முன்னால போடுற ஒத்தக்கொம்பு மாமா,” என்றார் அவர் பின்னால் வந்து நின்ற மாரிக்கனி.

“ஏலே, இந்தக் கெடாகூட இதுவரைக்கும் ஒரு கட்டடத்த முட்டிச் சாச்சதில்லையே!”

ஜீப் மறுபடியும் ஒலி எழுப்பியது. பொறியாளர் கையொப்பமிட்ட இரண்டு படிகளையும் நான்காகக் கிழித்தார்.

“இப்ப எப்படிப் போடணும்? நீங்களே சொல்லுங்க.”

“‘இடிக்க வேண்டாம்’னு போடுங்க சார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ‘இன்றே திறக்கலாம்’னு இன்னொரு வரி.”

காளீஸ்வரி அடித்தார். அச்சுப்பொறி முதல் தாளைக் கசக்கித் துப்பியது. இரண்டாவதைப் பாதியில் நிறுத்தி யோசித்தது. ஒன்று நாற்பதுக்கு மூன்று படிகளும் வந்தன. பொறியாளர் அவற்றை என்னிடம் தந்தார். ‘இடிக்க வேண்டாம்’ இருந்தது. ‘இன்றே திறக்கலாம்’ இருந்தது. ‘கட்டிடம்’ நான்கு இடங்களில் இருந்தது.

“வேற ஏதாச்சும் திருத்தம்?” பேனாவை மூடாமல் கேட்டார்.

“இல்ல சார்.”

அவர் மூன்றிலும் கையொப்பம் இட்டு, தேதியிட்டு, முத்திரை பதித்தார். ஒரு படியைக் கோப்பில் செருகினார். ஒன்றைக் காளீஸ்வரியின் பக்கம் தள்ளினார். மூன்றாவதைக் காற்றில் இரண்டு முறை ஆட்டி மையை உலர்த்தி, மாரிக்கனியின் கையில் கொடுத்தார்.