கம்பெனி பெயரில் ஒரு முகவரி

பல்செட் செய்கிறவருக்குப் பொம்மைக் கார் என்றால் உயிர். அதுவும் ஒரே ஒரு கம்பெனியின் கார்தான். பகலெல்லாம் லேபில் குனிந்து உட்கார்ந்து யார் யாருக்கோ கடைவாய்ப் பல் வார்க்கிற மனிதர், மிச்சமாகும் பல் பிசினைக் குழைத்து, கார்களில் தொலைந்துபோன குட்டிச் சக்கரங்களையும் வார்த்துவிடுவார். அந்த வித்தையைப் படம் படமாகப் போட்டு ஒரு இணையதளமும் நடத்தினார். தளத்தின் முகவரியில் கம்பெனியின் பெயரை அப்படியே போட்டு, பின்னால் 'ரசிகர்' என்று ஒட்டவைத்திருந்தார். அன்பு இருக்கும்போது அனுமதி எதற்கு என்ற நினைப்பு. பாவம், சட்டத்துக்கு அன்பு தெரியுமா?

கம்பெனியின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அந்தப் பெயர் பதிவு செய்த வணிகச் சின்னம். முகவரியை மாதக் கடைசிக்குள் எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடு, இல்லையென்றால் வழக்கு.

மைத்துனர் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. நோட்டீசைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாமா, 'இது கம்பெனியோட தளம் இல்ல'ன்னு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கீங்க, சரி. பேரு வாசல்லயே தொங்குதே! பேசாம குடுத்துட்டு வேற பேர்ல ஆரம்பிங்க. காரும் உங்களுது, படமும் உங்களுது. எதுக்கு இந்த அடம்?"

அடத்துக்குக் காரணம் காரே இல்லை. அந்த முகவரியோடு ஒட்டிக்கொண்டு அவருடைய மின்னஞ்சலும் இருந்தது. முகவரி கைமாறினால் அதற்கு வரும் கடிதமெல்லாம் கம்பெனிக்குத்தான் போகும்.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோது, "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்று கத்தியவர் இவர்தான். வாயோடு விட்டாரா? வீட்டை மாற்றினார். தன் போன் நம்பரையும் மனைவியின் நம்பரையும் சேர்த்து மாற்றினார். மின்னஞ்சலை மட்டும் விட்டுவைத்தார், கார்ப் பைத்தியங்கள் எல்லாம் அதற்குத்தான் எழுதுவார்கள் என்பதால். கோபம் ஆறியபோது மகளின் பழைய நம்பர் செத்துப் போயிருந்தது. அவளுக்குத் தெரிந்த வழி என்று மிஞ்சியது அந்த மின்னஞ்சல் ஒன்றுதான். அன்று முதல் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே, பல் தொழில் செய்கிற இந்த மனிதர், மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பார். சக்கரம் கேட்டு யாராவது எழுதியிருப்பார்கள். அவள் எழுதியிருக்க மாட்டாள்.

கம்பெனி வக்கீலுக்கே போன் போட்டார். குரலை வைத்துப் பார்த்தால் மகள் வயதுதான் இருக்கும்.

"தளத்தை எடுத்துக்கோங்கம்மா. ஒரே ஒரு மெயிலை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

"மாத்தினா எல்லாமே சேர்ந்துதான் சார் மாறும். அதுக்கப்புறம் வர்றது எதுவும் உங்களுக்கு வராது."

கொடுத்தால் மகள் போச்சு, கொடுக்காவிட்டால் கோர்ட். முன்னே போனால் முட்டுகிறது, பின்னே போனால் உதைக்கிறது. சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தவர், கடைசியில் சொன்னார்:

"கேஸை நடத்தப் போறேன். இந்த வீட்டை வித்தாவது."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடுத்துடுங்க."

"உனக்குப் புரியாது. நாளைக்கே அவ எழுதினா?"

"எழுத மாட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்கூடத்தான் பேசிட்டு இருக்காளே. நீங்க நம்பரை மாத்தின அன்னிக்கே புது நம்பரை அவளுக்குக் குடுத்துட்டேன். அப்பாகிட்ட சொல்லாதேம்மான்னா. நானும் சொல்லல."

அவர் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். கோபப்படலாம் என்று பார்த்தார், வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

"என்னைப் பத்திக் கேப்பாளா?"

மனைவிக்குப் பொய் சொல்லத் தெரியும், இத்தனை காலம் சொல்லியிருக்கிறாளே. இப்போது சொல்லவில்லை.

"முன்னெல்லாம் கேப்பா."

அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். கம்பெனி அனுப்பியிருந்த மெயிலைத் திறந்து, 'மாற்ற ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினார். தளமும் மின்னஞ்சலும் கம்பெனிக்குப் போயின.

சமையலறையில் போன் அடித்தது. யார் என்று பார்த்துவிட்டு, மனைவி எப்போதும்போல உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் அக்காவோடு பேசுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார்.