முதல் இடத்துக்கு ஒரு ஓட்டு

லோர்னா கெஸ்டிலா இருபது வருடங்களாகத் திங்கட்கிழமை காலைகளில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நாடெங்கும் உள்ள சில பயிற்சியாளர்களும் அவளைப் போன்ற விளையாட்டு நிருபர்களும் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிகளில் சிறந்த இருபதை வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். மதியத்துக்குள் தரவரிசை வந்துவிடும். அந்த வரிசையால் யாருக்கும் ஒரு கோப்பையும் கிடைக்காது. மார்ச் மாத இறுதிப் போட்டிகளுக்கு யார் போவது என்பதை வெற்றி தோல்விகளை வைத்துக் கணினி சொல்லிவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் திங்கட்கிழமை ஆனால் முடிவெட்டும் கடையிலிருந்து பெட்ரோல் பங்க் வரை அதே பேச்சுதான்.

அமெரிக்காவின் வடக்கே, சுபீரியர் ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் கல்லூரி அணியை, சொந்த ஊராயிற்றே என்று லோர்னா ஒரு படிகூட ஏற்றி வைத்ததில்லை. ஒருமுறை பதினெட்டாவது இடத்தில் வைத்ததற்காகப் பயிற்சியாளர் ரஸ் வுகோவிச் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனைக்கும் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்து திரும்பும்போது கீகன் மெல்னிக்கின் கார் உறைந்த சாலையில் வழுக்கி, மரம் ஏற்றி வந்த லாரிக்கு அடியில் போய்விட்டது. கீகன் அணியின் தடுப்பாட்டக்காரன், கனடாவின் கோதுமை வயல்களிலிருந்து வந்த பையன். அந்த வார ஆட்டங்கள் ரத்தாயின. திங்கட்கிழமை லோர்னா கணினி முன் உட்கார்ந்தாள். கை என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. முதல் இடத்தில் தன் ஊர் அணியின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

தரவரிசை வெளியானபோது, கடைசியில் தொங்கிக்கொண்டிருந்த அணியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முதலிட ஓட்டு. சிலர் கேலி செய்தார்கள். காரணம் தெரிந்ததும் கேலி அடங்கியது. அடுத்த வாரம் இன்னும் சிலரும் அதையே செய்தார்கள். அந்த வாரம் அணி இரண்டு ஆட்டத்திலும் தோற்றிருந்தது. தோற்ற அணி பன்னிரண்டாவது இடத்துக்கு ஏறியது.

மறுநாள் காலை ரஸ் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். பனி ஒட்டிய கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சனிக்கிழமை எத்தனை கோல் வாங்கினோம், லோர்னா?"

"ஏழு."

"ஏழு வாங்கினவன் எப்படிப் பன்னெண்டாவதா வருவான்?"

அவள் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

"பசங்க அதைப் பாத்துட்டு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கல. தோத்ததக்கூட ஒழுங்கா தோக்க விட மாட்டேங்கறீங்க. யாருக்கும் நாங்க ஒரு டீமா தெரியல. சாவு வீடாத்தான் தெரியறோம்."

"நான் அந்தப் பையனுக்காகத்தான் ரஸ்..."

"பையனுக்கா? உனக்கு மனசு தாங்கல, போட்டுட்ட. என்னைத் திட்டினாலும் நீ ஒருத்திதான் நேர்மையா போடுவேன்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன்." குரல் உடைந்தது. "எடுத்துடு. தகுதி இல்லன்னா இருபதாவதும் வேணாம்."

அடுத்த திங்கட்கிழமை அவள் எடுத்துவிட்டாள். மற்றவர்களின் இரக்கமும் அதற்குள் வற்றிப்போயிருந்தது. அணியின் பெயரே வரிசையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி மணி அடித்தது.

"நான் கார்லா மெல்னிக் பேசறேன். கீகனோட அம்மா."

லோர்னா எழுந்து நின்றுவிட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு ஹாக்கி அவ்வளவா தெரியாது, அவங்க அப்பாதான் பாப்பாரு. அந்த முதல் ஓட்டு நீங்க போட்டதுன்னு சொன்னாங்க. அந்த வரிசை வந்த தாளை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன். இந்த வார வரிசையில டீம் பேரைத் தேடிப் பாத்தேன், காணோம். ஏதாவது விட்டுப்போச்சா?"

ஆமாம், விட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். லோர்னாவுக்கு வாய் வரவில்லை.

"இல்லங்க. நான்தான் எடுத்தேன்."

"ஓ." எங்கோ ஒரு நாய் குரைப்பது கேட்டது. "அதுக்குள்ள மறந்துட்டாங்களோன்னு நினைச்சேன்."

"மறக்கலங்க. டீம் இப்ப நல்லா ஆடல. ஆடாதப்ப இடம் குடுத்தா பசங்களுக்கு வலிக்குது."

"அப்போ மொதல்ல போட்டது?"

"அது பொய்ங்க."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லுங்க," என்றாள் கார்லா. "இப்ப எல்லாரும் அவனை ஆஹா ஓஹோங்கறாங்க. நீங்க எல்லா ஆட்டமும் பாத்திருக்கீங்க. அவன் நல்லா ஆடுவானா?"

லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேகம் போதாது. இடது பக்கம் திரும்பறப்ப கொஞ்சம் பிந்துவான். ஆனா எதிராளி கோலைப் பாத்து ஓங்கி அடிக்கறப்ப கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு குறுக்க விழுவான். பயம் இல்லாதவன்னு சொல்ல மாட்டேன். பயந்துக்கிட்டேதான் விழுவான். ஒரு தடவைகூட விழாம இருந்ததில்ல."

சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது.

"ஊசி போடறப்பவும் அப்படித்தான் கண்ணை மூடிப்பான்." பிறகு மெதுவாக, "அந்தத் தாளை நான் எடுக்க மாட்டேன். பரவாயில்லையா?"

"இருக்கட்டும்ங்க. வச்சுக்கோங்க."

மார்ச்சில் கணினி அணியைக் கிட்டக்கூடச் சேர்க்கவில்லை. அதற்கு முன்பு நடந்த தங்கள் லீக்கின் கோப்பைப் போட்டியிலும் முதல் சுற்றிலேயே, சொந்த அரங்கத்தில் தோற்று வெளியேறினார்கள். கூட்டம் கலைந்த பிறகும் பையன்கள் பனித்தளத்தை விட்டு வர மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். லோர்னா ஆட்டத்தில் நடந்ததை உள்ளபடியே எழுதினாள். தடுப்பாட்டம் மோசம் என்றும் எழுதினாள்.

ஏப்ரலில் தன் ஓட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி வாக்கெடுப்பு நடத்துபவர்களிடம் சொல்லிவிட்டாள். ரஸ் கேள்விப்பட்டு, கடைவீதியில் அவளை மறித்தார்.

"நான் சொன்னதுக்காகவா விட்ட?"

"இல்ல ரஸ். இன்னொரு பையன் போனாலும் மறுபடி அதையேதான் போடுவேன். அதான் விட்டேன்."

ரஸ் அவள் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு கார் வரைக்கும் கூடவே நடந்தார்.