இரண்டாவது கிளாஸ்

பெண்டாட்டி பெருமை பேசுகிறான் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், பேசத்தான் போகிறேன். எங்கள் விஸ்கி ஆலையில் அவள் ருசி பார்க்கிறவள். நான் கிடங்கில் பீப்பாய் உருட்டுகிறவன்.

இந்த வருஷத்துச் சிறப்பு பாட்டிலுக்கு ஒரே ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை நிரப்பியவரின் பெயர் லேபிளில் வரும். கடைசியில் நின்றது இரண்டு. ஒன்று அவளுடையது, எங்கள் மூத்தவன் பிறந்த வருஷம் நிரப்பியது. இன்னொன்று அவளுடைய சீனியருடையது. இரண்டுமே பீட் என்கிற சதுப்புநில மண்கட்டியை எரித்த புகையில் உலர்த்திய பார்லியில் வடித்த சிங்கிள் மால்ட். இரண்டும் ஊறியது ஷெர்ரி ஒயின் இருந்த பழைய பீப்பாயில்.

மேனேஜர், சீனியர், அவள் மூவரும் ருசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு கிளாஸில் ஊற்றி வைத்தது நான். எது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஜாடை கீடை காட்டினே, தொலைச்சுருவேன்" என்று மேனேஜர் முன்பே மிரட்டியிருந்தார். மூலையில் கல்லு மாதிரி நின்றேன்.

மேனேஜர் முகர்ந்தார், ருசித்தார், முதல் கிளாஸைத் தொட்டார். அடடா, அது அவளுடையது! சீனியர் இரண்டாவதைத் தொட்டார். இனி அவள் சொல்வதுதான் முடிவு.

முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவளின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. கண்டுபிடித்துவிட்டாள். சொல்லித் தொலையேன் தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவளோ சாவகாசமாக இரண்டிலும் சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி ருசித்தாள்.

"ரெண்டாவது சார். முதல்ல இருக்கறதுல புகை தூக்கல், இனிப்பை அமுக்கிடுது. இதுல உலர்திராட்சை முதல்ல வருது, புகை பின்னாடி வந்து நாக்குல நிக்குது."

மேனேஜர் கதவைத் தாண்டியதும் பாய்ந்தேன். "அடியே, முதலாவது உன்னுதுடி!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?"

"என்னுதுங்கறதுக்காக நல்லாயிடுமா? நீங்களே குடிச்சுப் பாருங்க."

வீம்புக்கு முதலாவதுதான் என்று சொல்லிவிடலாம் என்றுதான் குடித்தேன். தொண்டைவரை புகையைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவதைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தேன்.

சீனியர் இன்னும் போகவில்லை. தலையைக் குனிந்தபடி சொன்னார்: "தங்கச்சி, மோந்ததுமே என்னுதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் கை வச்சேன். உன்னுதைச் சரியாக்கூட ருசி பார்க்கல. மேனேஜர்கிட்ட சொல்லி மறுபடி வைக்கச் சொல்லட்டுமா?"

"எத்தனை தடவை வச்சாலும் உங்களுதைத்தான்ணே சொல்லுவேன்" என்றவள், கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

"என் பெண்டாட்டி" என்றேன் சீனியரிடம், அவருக்கு அது தெரியாது என்பதுபோல.