உறைந்த தளம்

பாதி முகம் மழித்திருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நீர் சொட்டும் சத்தம் கேட்டுக் கட்டடப் பொறியாளர் சீப்ரனின் கை நின்றது. மூன்று வாரமாக க்ரோனிங்கன் நகரில் கால்வாய்கள் உறைந்து, ஊரே அதன் மேல் சறுக்கித் திரிந்தது. இன்று காற்று மேற்கிலிருந்து வீசியது. பனி உருகுகிறது. நுரையைத் துடைக்காமல் சைக்கிளை எடுத்தார்.

பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்துக்கு அவர் போட்ட காங்கிரீட் கூரைத் தளத்தின் கனம் ஒரு சாண்கூட இல்லை. நடுவில் தூண் கிடையாது. 'காகிதக் கூரை' என்று செங்கல் கட்டடக்காரர்கள் இருபது வருடமாக அவரைக் கேலி பேசினார்கள். அவர்கள் வாயை அடைக்கப் போகிற தளம் இது. வியாழக்கிழமை நகரசபைக்காரர்கள் வந்து நின்றபோது, அவரே ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. அத்தனை பேர் முகமும் மலர்ந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "சென்ட்ரிங்கைப் பிரிச்சிடுங்க" என்றார். தளத்தைத் தாங்கியிருந்த முட்டுக் கம்பங்கள் அன்றே வேறு வேலைக்குப் போய்விட்டன.

இறுகிய காங்கிரீட் கணீரென்று ஒலிக்கும். இறுகாமல் குளிரில் வெறுமனே உறைந்துபோன காங்கிரீட்டும், உருகும்வரை, அப்படியேதான் ஒலிக்கும். தன் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவரே அவர்தான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பத்து மணி காப்பியை அந்த ஊரில் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். வேலையாட்கள் பதினாலு பேரும் கூடத்தின் நடுவில் கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு கணகணவென்று எரிந்தது. அந்தச் சூடு நேராகத் தளத்துக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

வாசலிலேயே அவர் நின்றார். வாயைத் திறந்தால் இருபது வருடமும் போச்சு. இனி ஒரு மாட்டுக்கொட்டகைக்குக்கூட அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஒருவேளை தாங்கிவிடுமோ? அப்படி நினைத்ததற்கு அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்தார்.

"என்னங்கய்யா, பாதித் தாடியோட வந்திருக்கீங்க? வீட்டுல அம்மா துரத்திட்டாங்களா?" என்றார் மேஸ்திரி ஹார்ம். எல்லோரும் சிரித்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க. உடனே. தளம் இறுகல. தப்பு என்னோடது."

சிரிப்பு நின்றது. கோப்பைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஹார்ம் மட்டும் அசையவில்லை.

"நீங்கதானய்யா தட்டிப் பாத்தீங்க?"

"அது பனியோட சத்தம், ஹார்ம். வாங்க."

"இந்தக் கூரை விழாதுன்னு குடிக்கிற கடையிலெல்லாம் சண்டை போட்டிருக்கேன் நான். என் மச்சான்கூட பேச்சே இல்ல. இப்ப வந்து இறுகலைங்கிறீங்க."

"சொன்னாக் கேளுங்க, கால்ல வேணாலும் விழறேன், வெளிய வாங்க!"

கேட்கிற மனநிலையில் ஹார்ம் இல்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணியில் நாலு படி ஏறினார். சீப்ரன் தளத்துக்குக் கீழே ஓடினார்.

ஹார்ம் தட்டினார். ஈர மண்ணில் அடித்ததுபோலத் தொப்பென்றது.

ஓங்கிய கை அப்படியே நிற்க, ஹார்ம் குனிந்து கீழே நின்ற சீப்ரனைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை. தளத்திலிருந்து சாம்பல் நிறத்தில் சிமென்ட் நீர் ஒரு சொட்டு ஹார்மின் தொப்பியில் விழுந்தது. பிறகு இன்னொன்று.