சாமிக்கு மேலால் போகாத வயர்

மதகடிப் பிள்ளையாரின் தலைக்கு மேலால் எதுவும் போகக்கூடாது என்ற சட்டம், யதுர்ஷிகாவின் வீட்டுக்கு பைபர் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க ஆள் வந்த அன்றைக்குத்தான் பிறந்தது. முதல் நாள்வரைக்கும் பிள்ளையாருக்கு மேலால் மின்சார வயர் போனது, கொக்குப் போனது, திருவிழாப் படம் எடுக்கிற ட்ரோனும் போனது. ஒருவரும் சாமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

உருத்திரபுரம் தாண்டி வாய்க்கால் ஓரமாகப் போகிற வீதி அது. மேற்குப் பக்கம் கோயிலும், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வீடுகளும். கிழக்குப் பக்கம், வீதிக்கும் வாய்க்காலுக்கும் இடையில், பதினாறு வீடுகள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் அடிவாங்கி, தப்பி ஓடி வந்த மலையகச் சனத்தின் வீடுகள். வந்தவர்கள் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் வந்தவர்கள்தான். ஆனால் 'வந்த ஆக்கள்' என்ற பெயர் கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

யதுர்ஷிகா கிழக்குப் பக்கத்தின் முதல் பட்டதாரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, நாலு வருடமாக அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்து, மாவட்டக் கச்சேரி அலுவலக வாசலில் பதாகை பிடித்து, கை நொந்து போனவள். மேற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை பட்டம் எடுத்தால் கோயில் முகப்பில் ஆளுயரப் பதாகை தொங்கும். இவளுக்குக் கோயில் பரிபாலன சபை ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தது. அதுவும் மூடி இறுகாத போத்தல்.

இப்போது கொழும்புக் காப்புறுதி நிறுவனம் ஒன்று அவளை வீட்டிலிருந்தே வேலைக்கு எடுக்கப் போகிறது. தமிழில் கதைக்கிற வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிற வேலை. அதற்கு முன் ஒரு பரீட்சை இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை மேலதிகாரி கேட்டுக்கொண்டிருக்க உண்மையான அழைப்புகளை எடுக்கவேண்டும். வீட்டில் நிலையான இணைப்பு இருக்கவேண்டும். லைன் ஒருதரம் அறுந்தாலோ, பின்னால் சத்தம் கேட்டாலோ, வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

நவ்பர் வவுனியாக்காரன். பைபர் இழுக்கிறவன். கோயில் பக்கத்துப் போஸ்ட்டில் ஏணியைச் சாத்தி ஏறினவனை, வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்த பரிபாலன சபைத் தலைவர் மயில்வாகனம் கீழே நின்று கூப்பிட்டார்.

"தம்பி, இறங்கும். உதென்ன, சாமி வாற வீதிக்குக் குறுக்கால?"

"பைபர் ஐயா. அந்த வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

நவ்பர் கையைக் காட்டினான். மயில்வாகனம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

"இதாலதான் தேர் வாறது. சாமின்ர தலைக்கு மேலால உது போகேலாது."

யதுர்ஷிகா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். "கரண்ட் வயர் போகுதே ஐயா?"

"அது கரண்ட், பிள்ளை. அதுக்குள்ளால கரண்ட் மட்டும்தான் போகும். உதுக்குள்ளால உலகத்தில இருக்கிற அசிங்கம் முழுக்கப் போகும். அந்தப் படங்களெல்லாம் சாமின்ர தலைக்கு மேலால போறதோ?"

"எந்தப் படங்கள் ஐயா?"

மயில்வாகனம் இருமினார். குடையைத் தோளுக்கு மாற்றினார்.

"உங்கட போனுக்கு வாற சிக்னலும் சாமிக்குள்ளால புகுந்துதானே வருது?" என்றாள்.

"காத்தில வாறதைச் சாமி பார்த்துக்கொள்ளும். வயரில வாறதை நாங்கள்தான் பார்க்கவேணும்."

அதே நவ்பர், அதே போஸ்ட்டிலிருந்து, அதே நாள், நாற்பது நிமிடத்தில் கோயில் அலுவலக அறைக்கு ஒரு இணைப்பு இழுத்துக் கொடுத்தான். அந்த வயர் வீதியைக் கடக்கவில்லை. கோயில் மதிலுக்கு மேலால் மட்டும் போனது. தேர்த் திருவிழாவைக் கனடாவுக்கு லைவ் விடவேண்டும். ரொறன்ரோவில் மயில்வாகனத்தின் மகன் கோகுலன் தலைவராக இருக்கிற கனடாக் கிளை அதற்காகவே இந்த இணைப்பை எடுத்துக் கொடுத்திருந்தது. இதற்குள்ளால் அசிங்கம் போகுமா போகாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. தேர் வெள்ளிக்கிழமை.

ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்ற நவ்பர், படலையடியில் முகம் சிவக்க நின்றவளைப் பார்த்தான்.

"தங்கச்சி, உங்கட வளவுக்கு முன்னால வீதிக்குக் கீழ ஒரு மதகு போகுதுதானே? அதுக்குள்ளால குழாய் விட்டு எடுத்தா என்ன? மேலாலதானே ஏலாது எண்டவர்?"

அதற்கும் சபை கூடியது. ஒன்றரை மணித்தியாலம் கூடியது. தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்: பிள்ளையாரின் பாதங்களுக்குக் கீழாகச் செல்வதில் ஆட்சேபணை இல்லை.

அப்பா பழனியாண்டி அந்தக் கடதாசியை இரண்டு கையாலும் வாங்கி வந்தார். "தலைவர் ஐயா அனுமதி தந்திட்டார் பிள்ளை. நல்ல மனுசன்."

"காலுக்குக் கீழ எண்டு எழுதியிருக்கு அப்பா."

"வயரைத்தானேம்மா."

"ஓம். வயரைத்தான்."

மதகுக்குள் நவ்பரின் உடம்பு போகவில்லை. பழனியாண்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பி.வி.சி. குழாயைப் பிடித்தபடி, சேற்றுக்குள் நெஞ்சு உரச ஊர்ந்து போனார். அவருடைய அப்பா வீரையா கல் சுமந்து கட்டின மதகு அது. கோயில் மண்டபத்துக்கு மண் சுமந்ததும் வீரையாதான். மண்டபத்துச் சலவைக்கல்லில் உபயகாரர் பெயர் நாற்பத்திரண்டு இருக்கிறது. மண் சுமந்தவர் பெயர் இல்லை. பழனியாண்டி மறுபக்கத்தால் வெளியே வந்தபோது, அவரைவிட இரண்டு வயது இளையவரான மயில்வாகனம் மேலே நின்று, "டேய் பழனியாண்டி, பார்த்து, பாம்பு கிடக்கும்" என்று அன்பாகச் சொன்னார்.

புதன்கிழமை பின்னேரம் ரவுட்டரில் பச்சை வெளிச்சம் எரிந்தது. அம்மா அழகம்மா அதற்கு ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள். யதுர்ஷிகா அதை எடுத்து எறியவில்லை.

மிச்சம் இருந்தது சத்தம். கோயில் ஒலிபெருக்கிக் குழல்களில் ஒன்று நேரே அவள் யன்னலைப் பார்த்தபடி இருந்தது. சபையின் செயலாளர் சுகிர்தனிடம் போனாள். கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன், லைவுக்கும் அவன்தான் பொறுப்பு.

"அண்ணா, வெள்ளிக்கிழமை ரெண்டு மணித்தியாலம் அந்தக் குழலை மட்டும் அங்கால திருப்பி விடுறீங்களோ? எனக்கு வேலைப் பரீட்சை."

"தேரண்டைக்கோ? பிள்ளையாருக்கு வால்யூம் குறைக்கச் சொல்லுறீர்?" சுகிர்தன் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "கொழும்புக்காரருக்கும் புண்ணியம் கிடைக்கட்டும், விடும்."

அவள் திரும்பி வந்து, அறுவடை நெல் மூட்டைகளைச் சுவரோடு சுவராக மேசையைச் சுற்றி அடுக்கினாள். பதினெட்டு மூட்டை. உள்ளே இருந்தால் சாக்கு மணத்தில் தும்மல் வந்தது. பாட்டு அப்படியே கேட்டது.

வியாழன் மாலை கோயில் வளவில் சோடனை நடந்தது. தோரணம் கட்டக் கயிறு போதவில்லை. மதிலுக்கு மேலால் வழுவழுப்பாக, கறுப்பாக, இழுத்துக் கட்டினபடியே ஒரு புதுக் கயிறு இருந்தது. இளைஞர் கழகம் அதில் மாவிலைத் தோரணம் கட்டியது, நந்திக்கொடி கட்டியது, கலர் பல்புச் சரம் கட்டியது. நடுவில் தொய்ந்தபோது ஒரு தடியைக் கொடுத்து முட்டு வைத்தது.

வெள்ளி காலை ஏழே முக்காலுக்குக் கோயில் ரவுட்டரில் சிவப்பு வெளிச்சம்.

சுகிர்தன் நவ்பருக்குப் போன் எடுத்தான். தோரணத்தின் படத்தையும் அனுப்பினான். நவ்பர் சிரிக்கவில்லை, அவனுடைய நல்ல பழக்கம் அது. "அண்ணே, அதுக்குள்ள இருக்கிறது கண்ணாடி நார். உடுப்புக் காயப்போடுற கயிறில்லை. முறிஞ்சிருக்கும். நான் மன்னாரில நிக்கிறன், திங்கள் வாறன்."

"போன் டேட்டா?" என்று யாரோ கேட்டார்கள். திருவிழாச் சனம் வந்தபிறகு அந்த வீதியில் போனில் கதைக்கத்தான் முடியும், டேட்டா ஓடாது. ரொறன்ரோவில் இரவு பத்து மணி தாண்டியும் கனடாக் கிளை கோப்பியோடு உட்கார்ந்திருந்தது. கோகுலன் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தகப்பனைக் கூப்பிட்டான்.

எட்டரைக்குச் சபையில் ஆறு பேர் வீதியைக் கடந்து வந்து பழனியாண்டியின் படலையடியில் நின்றார்கள். கடக்கிறதுக்கு இருபது அடிகூட இல்லை. ஆனாலும் மயில்வாகனத்துக்கு மூச்சு வாங்கியது.

"பிள்ளை, உம்மட லைனை ஒருக்கால் தாரும். தேர் ஒன்பதே முக்காலுக்கு."

"எனக்கு ஒன்பதில இருந்து பதினொண்டு மட்டும் பரீட்சை ஐயா. ரெண்டும் ஒண்டா ஓடி என்ர லைன் இழுபட்டா, வேலை போயிடும்."

"ஊருக்குப் பொதுவான விசயமெல்லோ?"

"நாலு வருசமா வேலையில்லாம இருந்தது நான் மட்டும்தான். அப்ப ஊர் வரேல்லை."

பழனியாண்டி அவள் கையைப் பிடித்தார். "குடுத்து விடம்மா. நாளைக்கு நல்லது கெட்டதுக்கு அவையள்தான்..."

"எங்கட எந்த நல்லது கெட்டதுக்கு இவை வந்தவை அப்பா? ஒண்டு சொல்லுங்கோ."

பழனியாண்டி யோசித்துப் பார்த்தார். நேர்மையான மனிதர். கையை விட்டுவிட்டார்.

"பதினொண்டு பத்துக்குத் தாறன்," என்றாள் யதுர்ஷிகா. "அதுமட்டும் பாட்டு, மேளம், வெடி ஒண்டும் கேக்கக்கூடாது. ஒரு சத்தம் கேட்டாலும் பாஸ்வேர்ட் இல்லை."

"சுபமுகூர்த்தத்தை மாத்தச் சொல்லுறியோ!" மயில்வாகனத்துக்கு முதல்முறையாக 'நீர்' தவறி 'நீ' வந்தது.

"ஐயரைக் கேட்டுப் பாருங்கோ."

ஐயரைக் கேட்டார்கள். ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரித்து, கனடாக் கிளைத் தலைவரின் தகப்பனுடைய முகத்தையும் பார்த்து, ஒன்பதே முக்காலைவிடப் பதினொன்று இருபது எவ்வளவோ விசேஷம் என்றும், அதை எப்படித் தவறவிட்டேன் என்றும் சொன்னார்.

அப்படியாக, மதகடிப் பிள்ளையாரின் வரலாற்றில் முதல் தடவையாக, தேர் அன்று ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது. தவில்காரர் தவிலுக்கு மேல் தலையை வைத்துப் படுத்தார். அழுத குழந்தைகளை வயல் வரம்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சபை உறுப்பினர் ஆறு பேரும், பதினொன்று பத்தை ஒரு நிமிடமும் விடக்கூடாது என்று, பழனியாண்டியின் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். சித்திரை வெயில். அழகம்மா ஆறு பேணியில் பால் தேத்தண்ணி கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள்.

"நாங்கள் விரதம்," என்றார் மயில்வாகனம்.

உள்ளே, மூட்டைகளுக்கு நடுவில், யதுர்ஷிகா ஹெட்போனை மாட்டினாள். ஒன்பதாவது அழைப்பு நாயாற்றிலிருந்து. 'மீராசாகிபு காக்கா' என்று தன்னைச் சொன்ன பெரியவர், படகு உடைந்து எட்டு மாதம், காப்புறுதிப் பணம் வரவில்லை. முதல் மூன்று நிமிடம் ஏசினார். அவள் ஏச விட்டாள். பிறகு கோப்பு எண்ணைக் கேட்டு, எந்தக் கடதாசி எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடிப் பிடித்துச் சொன்னாள். கடைசியில் அவர் குரல் இறங்கியது.

"நல்லா இரு மகள். நீங்க கொழும்புதானே? பின்னால ஒரு சத்தமும் இல்லாம எவ்வளவு அமைதி!"

"ஓம் காக்கா," என்றாள் யதுர்ஷிகா. "இஞ்ச எப்பவும் அமைதிதான்."

பதினொன்றுக்குப் பரீட்சை முடிந்தது. லைன் ஒருதரமும் அறுபடவில்லை. அரை மணித்தியாலத்தில் முடிவு சொல்வதாக மேலதிகாரி சொன்னார். அவள் வெளியே வந்தாள்.

ஆறு கதிரை. ஆறு பேணி. ஆறிலும் ஆடை படிந்திருந்தது. ஒரு பேணிக்குள் இலையான் ஒன்று சிறகு ஒட்டி மிதந்தது.

"பாஸ்வேர்ட், பிள்ளை," சுகிர்தன் போனை நீட்டினான். "கெதியாச் சொல்லும்."

அவள் பேணிகளைப் பார்த்தாள். எழுபத்தேழில் இருந்து இந்த முற்றத்தில் மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு ஊற்றின தேத்தண்ணி எல்லாம் கோழிக்கும் வாழைக்கும்தான் போயிருக்கிறது.

"அம்மா, இது ஆறிட்டுது. சூடா ஊத்திக்கொண்டு வாங்கோ."

"விரதமெண்டு சொன்னனான்," என்றார் மயில்வாகனம்.

"காலமை கோயில் குசினியடியில நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டதை நான் யன்னலால கண்டனான் ஐயா."

போன் அடித்தது. கோகுலன். "அப்பா, இஞ்ச ஒண்டேமுக்காலாகுது, பாதிப்பேர் கதிரையில நித்திரை."

அழகம்மா கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாள். மற்ற ஐந்து பேரும் தலைவரைப் பார்த்தார்கள். மயில்வாகனம் ஒரு பேணியை எடுத்தார். தலையை அண்ணாந்து, பேணியை உதட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கினார். உதடு படாமல் ஊற்றிக் குடிக்கிற பழக்கம்; இந்தப் பக்கத்துப் பேணி எதிலும் அவர் பரம்பரையில் ஒருவரும் வாய் வைத்ததில்லை.

"ஐயா, சுடும்," என்றாள் யதுர்ஷிகா. "வாய் வைச்சு உறிஞ்சிக் குடியுங்கோ. அண்ணாந்து ஊத்தினா நாக்கு வெந்துபோம்."

அவர் ஊற்றினார்.

முற்றத்தில் எழுந்த அந்தச் சத்தம் பதினொன்று பத்துக்குப் பிறகு வந்ததால் ஒப்பந்தத்துக்குள் அடங்கவில்லை. மிச்சத்தை அவர் உதடு வைத்து, ஊதி ஊதி, கண்ணில் நீர் வடிய, கடைசிச் சொட்டுவரைக்கும் உறிஞ்சினார். மற்ற ஐந்து பேரும் தலைவரிடமிருந்து பாடம் படித்து, முதல் மிடறிலிருந்தே உறிஞ்சினார்கள். யதுர்ஷிகா சுகிர்தனின் போனை வாங்கி பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தாள்.

தேர் பதினொன்று இருபதுக்கு இருப்பை விட்டு நகர்ந்தது. சுகிர்தன் படலையடியில் கமராவை நிறுத்தி லைவ் விட்டான். யன்னலில் வைத்த ரவுட்டரில் செவ்வரத்தம்பூ வாடிக் கிடந்தது. மதகுக்கு மேலால் தேர்ச்சில்லு ஏறினபோது அவள் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பிள்ளையார் அசைந்து போனார். கீழே வயர் கிடந்தது. வெளிச்சம் கண் சிமிட்டவில்லை. தேர் அடுத்த வீட்டைத் தாண்டுமுன் கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. திங்கள் தொடக்கம் வேலை. அப்பா வடம் பிடிக்கப் போயிருந்தார். அம்மாவிடம்தான் முதலில் காட்டினாள். அழகம்மா வாசிக்கத் தெரியாதவள். திரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கமராவுக்கு முன்னால் மயில்வாகனம் கனடா வாழ் அடியார்களுக்கு நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் கையிலிருந்த போனிலிருந்து கோகுலனின் குரல், லைவிலும் சேர்ந்து, எல்லாருக்கும் கேட்டது.

"என்னப்பா, வாய் குழறுது?"

"தேத்தண்ணி சுத்துப் போத்துது."

"தேத்தண்ணியோ? எங்க குடிச்சனீங்கள்?"

நானூற்று முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயில்வாகனம் சுகிர்தனைத் திரும்பிப் பார்த்து, லைனை வெட்டச் சொல்லிச் சைகை காட்டினார். சுகிர்தன் யதுர்ஷிகாவைப் பார்த்தான்.

"என்ர லைன் வெட்டாது அண்ணா," என்றாள் அவள். "ஐயா சொல்லட்டும்."