சிடி இல்லாத டப்பா

கிறிஸ்டினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டப்பாவுக்குள் சிடி இல்லை.

வேலூரில் வீடியோ கேம் வாங்கிக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறியவளுக்குப் பள்ளிகொண்டா வரைகூடப் பொறுமை தாங்கவில்லை. டப்பாவின் சீலைப் பிரித்துவிட்டாள். ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக ஃபைனல் செக்கிங்கில் நிற்கிறவள். மூடிய டப்பாவைக் கண்டால் கை சும்மா இருக்குமா? இதிலோ சிடி வைக்கிற வட்டக் குழிகூட இல்லை. எண்ணும் எழுத்துமாக ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கிடந்தது.

"பட்டப்பகல்ல ஏமாத்திட்டானே!" என்று அவள் போட்ட சத்தத்தில் முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார்.

அவளா விளையாடப் போகிறாள்? எல்லாம் புருஷன் வசந்துக்காகத்தான். பதினாறு நாளாக அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கூட்டர் சரிந்த அன்று ஓட்டியவள் அவள்; பின்னால் உட்கார்ந்த பாவத்துக்குக் கால் முறிந்தது அவனுக்கு. மாவுக்கட்டோடு படுத்தபடி, ஆடிய கேமையே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தான். சோறு வைத்தால் தலையாட்டுவான், அவ்வளவுதான். மூன்று வருஷமாக அவன் எதிர்பார்த்த கேம் கடைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், இதைக் கொடுத்தாலாவது வாயைத் திறப்பான் என்று கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடியிருந்தாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. டப்பாவில் ஒரு கால் ஷூ குறைந்தால், உள்ளே இருக்கும் சீட்டை இரண்டாகக் கிழித்து, பாதியை டப்பாவிலேயே போட்டுவிட்டு மறுபாதியை எறிந்துவிட வேண்டும். அப்போதுதான் அந்த டப்பாவை எவனும் மறுபடி பேக்கிங்குக்குத் தள்ள முடியாது. கிறிஸ்டினாவின் கை பழக்க தோஷத்தில் தன் வேலையைப் பார்த்தது. சர்ரென்று ஒரு கிழி. பாதி டப்பாவுக்குள், பாதி ஜன்னலுக்கு வெளியே. பள்ளிகொண்டாவில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து வேலூருக்கே திரும்பினாள்.

"இன்னா பாய், காலி டப்பாவ என் தலையில கட்டிட்டீங்க? சிடி எங்க?"

கடைக்காரர் கலீமுல்லா பதறவே இல்லை. "இதுக்கு சிடி கெடையாதும்மா. உள்ள இருக்கிற சீட்டுதான் கேம். அந்த நம்பர மெஷின்ல அடிச்சா நெட்ல இருந்து எறங்கிடும். இப்ப நெறைய கேம் இப்படித்தான் வருது. மெஷினே சிடி போடற வாய் இல்லாம வர ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல டப்பாவும் இருக்காது, இந்தக் கடையும் இருக்காது. எங்க, அந்தச் சீட்ட எடுங்க."

எடுத்துக் கொடுத்தாள். அவர் முகம் மாறியது.

"மீதி எங்கம்மா?"

கிறிஸ்டினா பாதிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வேற நம்பர் குடுங்க பாய்."

"என்கிட்ட ஏதும்மா நம்பர்? சீல் போட்டுத்தான் வருது. பிரிச்சவங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

ஒரு பேப்பர் துண்டுக்குள் ஒரு முழு விளையாட்டா? அதையா காற்றில் விட்டோம்? வழியெல்லாம் அவளுக்குத் தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து எதையும் மறைக்கவில்லை. பாதிச் சீட்டை வசந்தின் மார்பின் மேல் வைத்துவிட்டு, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். திட்டட்டும், திட்டினாலும் அது பேச்சுதானே என்று நின்றாள்.

வசந்த் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எந்த எடத்துல வீசின?"

அவன் குரலைக் கேட்டு அவள் மிரண்டே போனாள்.

"பள்ளிகொண்டா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி... எடது பக்கம்."

அவன் மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கி மெல்லத் தரையில் வைத்தான்.

"ஆட்டோவ கூப்புடு. நானும் வர்றேன். உன் கையில கெடைச்சா அதையும் கிழிச்சிடுவ."